கோபேயிலிருந்து அரிமாவுக்கு மலை ஏறிப் போங்கள்

ஒசாகாவில் அலுவலக வேலை முடிந்தபின் இரண்டு பகலும் ஓர் இரவும் கையில் இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். கோபே துறைமுகத்தைப் பார்க்க வேண்டும், அரிமா வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டும். ஒசாகாவிலிருந்தே அரிமாவுக்கு பஸ் இருக்கிறதாம், அரை நாளில் போய் வந்துவிடலாமா? அம்மா சைவம். அங்கே துணி இல்லாமல்தான் குளிக்க வேண்டுமாமே? இதுதான் கேள்வி.

அரை நாளில் போய் வரலாம். நேரடி பஸ்ஸில் ஒரு மணி நேரம். இறங்கி, குளித்து, பிஸ்கட் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். நடுப்பகலில் அரிமாவின் சந்துகளில் நெரிசலுக்கு அவர்கள்தான் காரணம். நான் சொல்வது வேறு வழி. கோபேயில் ஆரம்பித்து, மலை மேல் ஏறி, மறுபுறம் அரிமாவில் இறங்கி, இரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் ரயிலில் மலையைக் குடைந்துகொண்டு கோபேக்குத் திரும்புங்கள். அரிமா தனி ஊர் மாதிரி தோன்றினாலும் கோபே மாநகர எல்லைக்குள்தான் இருக்கிறது. நடுவில் 931 மீட்டர் உயர ரொக்கோ மலை நிற்கிறது, அவ்வளவுதான்.

கோபேயில் வழி கேட்டால் வடக்கு தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். ‘மலைப் பக்கம்’, ‘கடல் பக்கம்’ என்பார்கள். பெரிய கடைகளுக்குள்ளேகூட மலைப் பக்கம், கடல் பக்கம் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வடக்கே மலை, தெற்கே கடல், இடையில் நாடா போல நீண்டு கிடக்கும் நகரம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் வரைபடமே தேவையில்லை: தெரு ஏறினால் மலைக்குப் போகிறீர்கள், இறங்கினால் கடலுக்கு.

முதல் நாள் காலை ஒசாகாவிலிருந்து ரயிலில் சன்னோமியா நிலையத்துக்கு வந்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பெரிய பெட்டிகளை அங்கேயே லாக்கரில் போட்டுவிட்டு, ஓர் இரவுக்கான பையை மட்டும் எடுத்துக்கொண்டு கடல் பக்கம் நடங்கள். வழியில் பழைய அயல்நாட்டார் குடியிருப்பு வரும். 1868 ஜனவரி 1 அன்று இந்தத் துறைமுகம் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறக்கப்பட்டது. வந்த வணிகர்களுக்காக அளந்து போட்ட தெருக்கள் அவை. இப்போது விலை உயர்ந்த கைப்பைக் கடைகள். வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம். அதற்கு மேற்கே நன்கின்மாச்சி, சீனர் தெரு. ஆவியில் வெந்த பன்றிக்கறி பன் வாசனை தூக்கும். அம்மாவோடு போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்தாலும் நஷ்டமில்லை.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் மெரிகென் பூங்கா. ‘அமெரிக்கன்’ என்ற சொல் ஜப்பானியர் காதில் ‘மெரிகென்’ என்று விழுந்ததால் வந்த பெயர் அது. சிவப்புக் கம்பிகளால் இடுப்பு சிறுத்த உடுக்கை போலப் பின்னிய கோபே துறைமுகக் கோபுரம் அங்கேதான் இருக்கிறது. 1963இல் கட்டியது, 108 மீட்டர். பழுதுபார்ப்பு முடிந்து 2024இல் மறுபடி திறந்தார்கள். ஏறுவது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், அதே பணத்துக்கு ஒரு காபி வாங்கிக்கொண்டு பூங்காவின் கிழக்கு ஓரத்துக்குப் போகச் சொல்வேன்.

அங்கே படகுத்துறையின் ஒரு துண்டை, சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு, உடைந்தது உடைந்தபடியே விட்டு வைத்திருக்கிறார்கள். 1995 ஜனவரி 17, விடிகாலை 5.46 மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் ஆறாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாய்ந்த விளக்குக் கம்பங்கள், பிளந்து தண்ணீருக்குள் சரிந்த கான்கிரீட், அதன் மேல் வந்து தட்டும் அலை. கட்டணம் இல்லை, கதவும் இல்லை. சுற்றி இருக்கும் நகரம் முழுக்கப் பளபளவென்று இருக்கும்போது இந்த ஒரு மூலை மட்டும் அந்த விடிகாலையிலேயே நின்றுவிட்டது. சிறு பிள்ளைகளைக் கூட்டிவந்து நிதானமாக விளக்கிச் சொல்லும் தாத்தா பாட்டிகளை அங்கே பார்த்திருக்கிறேன்.

அதே பூங்காவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு குடும்பத்தின் சிலையும் உண்டு: அப்பா, அம்மா, கையை நீட்டிக் கடலைக் காட்டும் பையன். 1908 ஏப்ரலில் கசாதோ மாரு என்ற கப்பல் 781 பேரோடு இங்கிருந்துதான் பிரேசிலுக்குக் கிளம்பியது. காப்பித் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள். இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக இருப்பது பிரேசிலில்தான். பணக்கார ஜப்பானை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தச் சிலை கொஞ்சம் புதிதாக இருக்கும்.

பதினொரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். சன்னோமியாவிலிருந்து ஹன்க்யு ரயிலில் ரொக்கோ நிலையம். அங்கிருந்து 16ஆம் எண் பஸ் மலையடிவார நிலையத்துக்குப் போகும். 1932 முதல் ஓடும் கேபிள் ரயில் பத்து நிமிடத்தில் மேலே ஏற்றிவிடும். ஏறியதும் பக்கத்திலேயே ஒரு காட்சி மாடம். துறைமுகமும் அதற்கப்பால் ஒசாகா வளைகுடாவும் காலடியில் கிடக்கும். காலையில் நடந்த இடத்தை அப்பா விரல் நீட்டிக் கண்டுபிடிப்பார். இந்த மலையில் இப்போது இருப்பது அடர்ந்த காடு. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) விறகுக்கு வெட்டி வெட்டி மொட்டைப் பாறையாகக் கிடந்தது. 1902 முதல் நட்டு வளர்த்த மரங்கள் இவை. அடுத்த ஆண்டே ஆர்தர் குரூம் என்ற ஆங்கிலேய வணிகர் மலையுச்சியில் ஜப்பானின் முதல் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். கோடை வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஏறும் வெள்ளைக்காரர் பழக்கம் ஊட்டியோடு நிற்கவில்லை.

மேலே ஒரு சிறிய பஸ் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் பத்து நிமிடம் போனால் ரோப்வே நிலையம். அங்கிருந்து பன்னிரண்டு நிமிடம் மரத் தலைகளுக்கு மேலே மிதந்துகொண்டே அரிமாவுக்கு இறங்கலாம். நவம்பர் நடுவில் போனால் இலைகள் சிவந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. ஒரு எச்சரிக்கை: பலத்த காற்று அடித்தால் ரோப்வே நின்றுவிடும், பராமரிப்புக்காகவும் சில நாட்கள் மூடுவார்கள், மாலையில் சீக்கிரமே கடைசி வண்டி போய்விடும். அன்று காலை ஒருமுறை பார்த்துவிட்டே ஏறுங்கள். ஓடவில்லை என்றால் சன்னோமியாவிலிருந்து பஸ்ஸோ ரயிலோ இருக்கிறது, கலங்க வேண்டாம்.

நீங்கள் தனியாகப் போவதாக இருந்தால் நான் இன்னொரு வழி சொல்லியிருப்பேன். தொதோயா-மிச்சி, அதாவது மீன்காரர் பாதை. கடற்கரையில் பிடித்த மீனைத் தோளில் சுமந்துகொண்டு வியாபாரிகள் ரொக்கோவின் தலை மேல் ஏறி, மீன் கெடுவதற்குள் அரிமாவின் விடுதிகளில் சேர்த்த வழி. பன்னிரண்டு கிலோமீட்டர் போல வரும், நல்ல ஏற்றம். அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

இப்போது அரிமா. ஜப்பானின் மிகப் பழைய மூன்று வெந்நீர் ஊற்றுகள் என்று சொல்லும்போது தோகோ, ஷிராஹாமாவோடு சேர்த்து இதையும் சொல்வார்கள். ஜோமெய் என்ற பேரரசர் 631இல் இங்கே வந்து தங்கியதாக நிஹோன் ஷோகி என்னும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது வயது இல்லை, தண்ணீர்.

அக்கம்பக்கத்தில் எரிமலையே கிடையாது. ஆனாலும் சில ஊற்றுகளில் நீர் 98 டிகிரி வரை கொதித்துக்கொண்டு வருகிறது, கடல்நீரைவிட உப்பாக. கடலோ மலைக்கு அந்தப் பக்கம். எங்கிருந்து இந்த உப்பும் சூடும்? பிலிப்பைன் கடல் தட்டு என்னும் பூமி ஓட்டின் பெரிய துண்டு ஜப்பானுக்கு அடியில் மெல்லச் சொருகிக்கொண்டே போகிறது. பாறைகளின் கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருந்த பழைய கடல்நீர் பூமிக்கடியில் பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தத்தாலும் சூட்டாலும் பிழிந்தெடுக்கப்பட்டு, நிலப்பிளவுகள் வழியாக மேலே ஏறி வருகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வேறு இடங்களில் இப்படிப்பட்ட நீர் கிடைத்தாலும் ‘அரிமா வகை’ என்றே நிலவியலாளர்கள் பெயரிடுகிறார்கள்.

தண்ணீர் இரண்டு வகை: தங்க நீர், வெள்ளி நீர். ஜப்பானிய மொழியில் முதலாவதில் வல்லின ‘க’, இரண்டாவதில் மெலிந்த ‘க’. தமிழில் எழுதினால் இரண்டுமே கின்சென் என்றுதான் வரும், படிக்கிறவர் குழம்பிப்போவார். அதனால் தங்கம், வெள்ளி என்றே சொல்கிறேன். தங்க நீர் பூமியிலிருந்து வரும்போது தெளிவாகத்தான் இருக்கும். அதில் இரும்பு நிறைய. காற்று பட்டதும் துருப்பிடித்துச் செம்மண் குழம்பு போலாகிவிடும். கையை ஒரு சாண் உள்ளே விட்டால் விரல் தெரியாது. உப்பு தோலின் மேல் ஒரு படலமாக நிற்பதால் குளித்து வெகுநேரம் ஆன பிறகும் உடம்பில் கதகதப்பு இருக்கும். வெள்ளி நீர் நிறமற்றது. ஒன்றில் கரியமில வாயு, இன்னொன்றில் ரேடான். வாயு கலந்த ஊற்றை அந்தக் காலத்தில் விஷத் தண்ணீர் என்று ஊரார் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மெய்ஜி காலத்தில் பரிசோதித்து, வெறும் சோடாத்தண்ணீர் என்று தெரிந்ததும் அதிலேயே சர்க்கரை சேர்த்து சைடர் என்று விற்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய பாணி லேபிளோடு இன்றும் கிடைக்கிறது.

ஊருக்குள் நடந்தால் சந்து முனைகளில் ஆவி கக்கும் இரும்புக் கோபுரங்கள் நிற்கும். அவைதான் ஊற்றுக்கண்கள். ஒரு சிறிய கோயிலின் முற்றத்திலேயே ஒன்று இருக்கிறது. குழாய்களில் உப்பும் துருவும் கல்லாக இறுகிவிடுவதால் ஓயாமல் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். சட்டை முழுக்கச் செந்நிறக் கறையோடு குழாய் வேலை செய்கிறவர்களைக் காணலாம்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த தொயோதோமி ஹிதேயோஷிக்கு இந்த ஊர் மேல் தீராத பிரியம். மனைவி நெனேயோடு வருவார், தேநீர் விருந்து நடத்துவார். 1596இல் பெரிய நிலநடுக்கம் வந்து ஊற்றுகள் குளிக்க முடியாத அளவுக்குச் சூடேறிப்போயின. அவற்றைச் சீர்செய்ய ஆளும் பொருளும் அனுப்பியவர் அவரே. அவர் தனக்கென்று இங்கே ஒரு குளியல் மாளிகை கட்டினார் என்று வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. 1995 நிலநடுக்கத்தில் கோகுராகுஜி என்ற கோயிலின் கட்டடம் இடிந்தது. இடிபாட்டை அகற்றித் தோண்டினால், அடியில் அந்தக் குளியல் தொட்டிகள்! இப்போது அதன் மேலேயே சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் துறைமுகத்தில் உடைந்த கான்கிரீட்டைப் பார்த்த கண்ணோடு இதையும் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

சரி, குளியல். ஆமாம், துணி இல்லாமல்தான். ஆண், பெண் தனித்தனி. உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் வைத்துவிட்டு, சின்னத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். முதலில் ஓரமாக இருக்கும் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். அழுக்குப் போக்குவது அங்கே. தொட்டி ஊறுவதற்கு மட்டும். கூந்தலைத் தூக்கி முடிந்துகொள்ள வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது. உங்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், இது நிஜம். முதல் இரண்டு நிமிடம்தான் கூச்சம்.

ஆனாலும் அம்மாவுக்கு அது ஒத்து வராது என்றால் வற்புறுத்தாதீர்கள். பல விடுதிகளில் ‘கஷிகிரி’ என்று குடும்பத்துக்குத் தனியாக, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் குளியலறை உண்டு. அறை எடுக்கும்போதே கேட்டு, அதில் தங்க நீர் வருகிறதா என்றும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சில இடங்களில் வெறும் வெள்ளி நீர்தான். அதுவும் வேண்டாம் என்றால் கின் நோ யு என்ற பொதுக் குளியல் கூடத்தின் வாசலில் இலவசமாகக் கால் நனைக்கும் தொட்டி இருக்கிறது. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் ஜப்பானியப் பாட்டிகள் துணைக்கு இருப்பார்கள்.

அந்தக் கூடம் தங்க நீருக்கான பொதுக் குளியல். சின்ன இடம், திறந்தவெளித் தொட்டி கிடையாது, விடுமுறை நாட்களில் வரிசை நிற்கும். வெள்ளி நீருக்கு இன்னொரு கூடம், ஐந்து நிமிட நடையில். இரண்டுக்கும் கட்டணம் குறைவுதான். ஆனால் மாதத்தில் சில செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். விடுதியில் தங்குகிறவர்கள் அங்கேயே மாலையிலும் விடியலிலும் குளிக்கலாம் என்பதால் பொதுக் கூடத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பகல் கூட்டம் கலைந்து, சந்துகளில் ஓடைச் சத்தம் மட்டும் கேட்கும் ராத்திரியில் ஊறி எழுவதற்காகத்தான் தங்கச் சொன்னேன்.

வெள்ளைத் துண்டை மட்டும் தங்க நீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முதல் தடவை வீட்டிலிருந்து நல்ல பூத்துண்டு கொண்டுபோனேன். அது இப்போது சைக்கிள் துடைக்கிறது. அம்மாவின் தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தால் செந்நிறம் ஏறிவிடும். வெள்ளிக் கொலுசு, மெட்டியும் நிறம் மாறலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் நின்றுகொண்டு முடிவெடுக்கச் சொன்னால் சங்கடம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஊற வேண்டாம். தண்ணீர் 42, 44 டிகிரி இருக்கும், எழுந்திருக்கும்போது தலை சுற்றும். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். விடுதியின் இரவு விருந்து பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டுகளாக வரும், பார்க்க அழகு. சைவம் என்று சொன்னால் மீன் துண்டை எடுத்துவிடுவார்கள், ஆனால் குழம்பும் சாறும் கொதித்தது உலர்ந்த மீன் சீவல் போட்டுக் காய்ச்சி வடித்த ‘தாஷி’ என்ற நீரில். அது அவர்களுக்கு மீனாகவே தோன்றாது, நம் ஊரில் பெருங்காயத்தை யாரும் கணக்கில் சேர்க்காத மாதிரி. ‘தாஷியும் கூடாது’ என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் சாப்பாடு இல்லாத அறை எடுப்பது உத்தமம். வேண்டியதைக் கோபேயிலேயே வாங்கி எடுத்துப் போய்விடுங்கள், அரிமாவில் இரவில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும்.

கொறிக்க வேண்டுமானால் சோடா ஊற்று நீரில் மாவைக் கரைத்து இரும்பு அச்சில் சுடும் தான்சான் செம்பெய். அப்பளம் போல மெல்லிசு, லேசான இனிப்பு. ஒரு கடையில் அச்சிலிருந்து எடுத்த கையோடு தருவார்கள், வளைந்து துவளும். ஐந்து விநாடியில் மொறுமொறுப்பாகிவிடும். முட்டை உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று சான்ஷோ. மிளகும் இல்லை, மிளகாயும் இல்லை. எலுமிச்சைத் தோல் மணத்தோடு நாக்கு நுனியை மரத்துப்போகச் செய்யும் சின்னப் பச்சைக் காய். ஜப்பான் முழுக்க எந்த உணவகத்திலும் ஒரு பண்டத்தின் பெயரில் ‘அரிமா’ என்று இருந்தால் அதில் சான்ஷோ போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை அரிமா நிலையத்திலிருந்து ரயில். அரிமாகுச்சியில் ஒருமுறை, தனிகாமியில் ஒருமுறை மாற வேண்டும். தனிகாமியிலிருந்து ஷின்-கோபே வரை நடுவில் ஒரு நிலையம்கூட இல்லை, ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரே சுரங்கம். நேற்று மணிக்கணக்கில் ஏறி இறங்கிய மலையை எட்டு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். ஷின்-கோபேயில் இறங்கினால் நிலையத்துக்குப் பின்னாலேயே படிகள். கால் மணி நேரம் ஏறினால் 43 மீட்டர் உயர நுனோபிகி அருவி. முழங்கால் வலி என்றால் அம்மா கீழே உட்கார்ந்திருக்கலாம்.

அங்கிருந்து சரிவாக இறங்கினால் கிதானோ. அயல்நாட்டு வணிகர்களின் பழைய மர வீடுகளுக்குப் பேர்போன இடம். கூரையில் சேவல் நிற்கும் 1909ஆம் ஆண்டு வீடு ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் போதும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி டிக்கெட். எனக்கு அதைவிட முக்கியம் அங்கே இருக்கும் இந்தியத் தடம். 1893இல் கோபேக்கும் பம்பாய்க்கும் நடுவே கப்பல் போக்குவரத்து தொடங்கியது, முக்கியமாகப் பருத்திக்காக. 1923இல் நிலநடுக்கம் யோகோஹாமாவை நொறுக்கியபோது அங்கிருந்த இந்திய வணிகர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பிறகு முத்து வியாபாரம். 1935இல் எழுந்த ஜப்பானின் முதல் மசூதி, 1945 குண்டுவீச்சையும் 1995 நிலநடுக்கத்தையும் தாண்டி நிற்கிறது. கொஞ்சம் மேலே வெள்ளைப் பளிங்கில் 1985இல் கட்டிய சமணக் கோயில். இதனால்தான் அந்தச் சரிவில் நல்ல இந்திய சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் வட இந்தியச் சமையல். இரண்டு நாளாகத் தாஷிக்குப் பயந்தவருக்கு ஒரு தட்டு பருப்பும் ரொட்டியும் தேவாமிர்தம்.

மாலையில் ரயில் ஏறுவதற்கு முன்பு நகரத்தின் விளக்குகளைப் பார்த்துவிடுங்கள். மாயா மலையின் கிகுசெய்தாய் மாடத்திலிருந்து தெரியும் காட்சியை ஜப்பானின் மூன்று சிறந்த இரவுக் காட்சிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். கேபிள் ரயிலும் ரோப்வேயும் மாறி ஏற வேண்டும். செவ்வாய் விடுமுறை, மற்ற வாரநாட்களிலும் பெரும்பாலும் இருட்டுவதற்குள் மூடிவிடும். உங்கள் இரண்டாம் நாள் வெள்ளி, சனி, ஞாயிறாக அமையாவிட்டால் கவலை வேண்டாம். சன்னோமியாவில் மாநகராட்சிக் கட்டடத்தின் 24ஆம் மாடிக்கு லிஃப்டில் ஏறிவிடுங்கள், கட்டணம் இல்லை. மலைக்கே போவதாக இருந்தால் கோடையிலும் அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.